சிதார்காரங்க உண்மையில எப்படித்தான் பயிற்சி எடுக்குறாங்க? வீணை கத்துக்கிட்டவன் கேக்குறேன்

கமகப்பித்து:

வணக்கம். இங்க வந்து படிச்சுட்டு மட்டும் போறவன் நான், இன்னிக்குத்தான் எழுதணும்னு தோணுச்சு. சின்ன வயசுல வீணை முறையா கத்துக்கிட்டேன், வர்ணம் தாண்டி கீர்த்தனை வரைக்கும் வந்து அப்புறம் வேலை குடும்பம்னு விட்டுப்போச்சு. இப்ப கொஞ்ச நாளா ராத்திரி ஆனா சிதார்தான் கேக்குறேன், அதுலயும் நிகில் பானர்ஜி. அவர் மால்கௌன்ஸ் (நம்ம ஹிந்தோளம்தான்) ஆலாப் வாசிக்கும்போது மத்யமத்துல இருந்து ஸட்ஜத்துக்கு இறங்கி வர்றதுக்கு எடுத்துக்குற நேரம் இருக்கே, அதுல தாளமும் இல்ல, சாகித்யமும் இல்ல, ஆனா மனசு அசையாம உக்காந்துடுது.

என் சந்தேகம் என்னன்னா, நம்ம பக்கம் பாடம் எந்த வரிசையில போகும்னு எல்லாருக்கும் தெரியும், சரளி, ஜண்டை, அலங்காரம், கீதம், வர்ணம், கீர்த்தனைன்னு. அங்க என்ன வரிசை? எந்த சிதார் வித்வானைப் பத்திப் படிச்சாலும் குரு வீட்டுலயே தங்கினார், தினம் 14 மணி நேரம் வாசிச்சார்னு எழுதியிருக்காங்களே தவிர அந்த 14 மணி நேரமும் எதை வாசிச்சார்னு ஒருத்தரும் எழுத மாட்டேங்குறாங்க. அது தெரிஞ்சாத்தானே நமக்குப் பிரயோஜனம்? கரானா கரானான்னு (குரு பரம்பரை) சொல்றாங்களே, ஆரம்பிக்கிறவனுக்கு அது முக்கியமா? நேர்ல கத்துக்கிட்டவங்க யாராவது இருந்தா கொஞ்சம் விரிவாவே சொல்லுங்க, நீளமா இருந்தாலும் பரவாயில்ல, படிப்பேன்.

தரப்தந்தி:

நல்ல கேள்வி, அதுவும் எதை வாசிச்சாங்கன்னு கேட்டது. நான் இம்தாத்கானி (இம்தாத் கான், விலாயத் கான் பரம்பரை) வழியில வந்த ஒரு குருகிட்ட கத்துக்கிட்டு இருக்கேன், எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் எழுதுறேன்.

முதல்ல வலது கை. ஆள்காட்டி விரல் நுனியில மிஸ்ராப்னு ஒரு கம்பி மீட்டுகோல் இறுக்கமா மாட்டிக்கணும், ஒண்ணே ஒண்ணுதான். தன்னைப் பாத்து உள்பக்கமா இழுத்தா 'தா', வெளிப்பக்கமா தள்ளினா 'ரா', ரெண்டையும் ஒரு அடியோட நேரத்துக்குள்ள அடக்கினா 'திர்'. வலது கை பாஷை முழுக்க இந்த ரெண்டு அடியில இருந்துதான் வருது. வீணையில ரெண்டு விரல் மாத்தி மாத்தி கீழ்ப்பக்கமா மீட்டிப் பழகினவங்களுக்கு இது முதல்ல தலைகீழா இருக்கும், ஏன்னா இங்க பலமான அடி உள்பக்கம் வர்றது. 'தா' தானா கனமா விழும், 'ரா' மெலிஞ்சு விழும். அந்த ரெண்டும் காதுக்கு ஒண்ணா கேக்குற வரைக்கும் ஒரே ஸ்வரத்துல தா ரா தா ரா தா ரான்னு வாசிச்சுட்டே இருக்கணும், மெதுவா, ஒவ்வொரு அடியும் தனித்தனியா காதுல விழுற மாதிரி. வலது கை பெருவிரல் தண்டி ஓரத்துல பதிஞ்சே இருக்கும், முன்கை குடத்து மேல அழுத்தி சிதாரைப் பிடிச்சுக்கும், இது ரெண்டும் நகர்ந்தா வேகம் வராது. நீங்க கேட்ட அந்த மணிக்கணக்குல பெரிய பங்கு இதுக்குத்தான் போகுது.

அடுத்து பல்டா. இதுல உங்களுக்குக் கஷ்டமே இருக்காது, ஸரிகம ரிகமப கமபதன்னு நம்ம வரிசைகளோட உறவுக்காரங்கதான். பெரும்பாலும் பிலாவல் (சங்கராபரணம்) இல்லன்னா யமன் (கல்யாணி) வச்சு ஆரம்பிப்பாங்க. ஆனா ஒரே பல்டாவை நாலு விதமான வலது கை அடியில, மூணு வேகத்துல, தபலா டேக்காவோட (தாளத்தோட அடிப்படைச் சொற்கட்டு) வாசிக்கச் சொல்லுவாங்க, அப்பதான் இடது கையும் வலது கையும் ஒண்ணை ஒண்ணு நம்பாம நிக்கக் கத்துக்கும். இடது கையில ஆள்காட்டி விரல்தான் எல்லா வேலையும் செய்யும், மேல ஏறும்போது நடுவிரல் வரும். கம்பி விரலை அறுத்து ஒரு கோடு விழுந்துடும், அது காய்ச்சுப் போற வரைக்கும் வலி இருக்கும், பக்கத்துல ஒரு சின்ன டப்பாவுல எண்ணெய்ப் பஞ்சு வச்சுக்கிட்டு அப்பப்ப விரலைத் தொட்டுக்குவாங்க.

இதுக்கு அப்புறம் வர்றதுதான் மீண்ட். ஒரே பர்தாவுல (மெட்டுல) விரலை வச்சுக்கிட்டு கம்பியைப் பக்கவாட்டுல இழுத்தா ஸ்வரம் ஏறும். ஸ-ல விரலை வச்சு ரி, க, ம, சமயத்துல ப வரைக்கும் கூட இழுக்கணும். எவ்வளவு தூரம் இழுக்கணும்னு காட்ட தண்டியில எந்த அடையாளமும் கிடையாது. அதனால குரு என்ன பண்ணுவார்னா முதல்ல க-வை அதோட பர்தாவுலயே வாசிக்கச் சொல்லுவார், அப்புறம் ஸ-ல இருந்து இழுத்து அதே க-வைப் பிடிக்கச் சொல்லுவார், அப்புறம் பாடச் சொல்லுவார். வாயில சரியா வராத ஸ்வரம் கையில வராது, இதை எங்க குரு கிட்டத்தட்ட ஒவ்வொரு வகுப்புலயும் சொல்லுவார். ஒரு தடவை மீட்டின சத்தம் அடங்குறதுக்குள்ள நாலஞ்சு ஸ்வரத்தை இழுத்துக் காட்டணும், அந்த சத்தத்தோட ஆயுசு எவ்வளவுன்னு கைக்குத் தெரிஞ்சிருக்கணும். விலாயத் கான் வாசிப்பைக் கேட்டா யாரோ பாடுற மாதிரி இருக்குன்னு சொல்றோமே, காயகி அங்கம்னு, அதுக்கு அடிப்படை இந்த ஒரு வேலைதான்.

கத் பத்தியும் சொல்லிடறேன். உங்க கீர்த்தனைக்குப் பதிலா அங்க இருக்கிறது கத், ஆனா அது ஒரு வரி, அதிகம் போனா மூணு வரி. மசீத்கானி கத்ல வலது கை அடி முன்கூட்டியே முடிவான ஒண்ணு, திர் தா திர் தா ரா தா தா ரா, இதையே ரெண்டு முறை. 16 மாத்திரை தீன்தாள்ல 12-வது மாத்திரையில ஆரம்பிச்சு அஞ்சு அடியில சம் (தாளத்தோட முதல் மாத்திரை) வந்து விழும். ராகம் மாறும், ஸ்வரம் மாறும், இந்த அடி மாறாது. துரித காலத்துக்கு ரஜாகானி கத் தனி. இதை ஒரே நாள்ல சொல்லிக் குடுத்துடலாம். மீதி எல்லாம், அதாவது விஸ்தாரம், தோடா, தான், திஹாய் எல்லாமே நீங்க அந்த நிமிஷம் உண்டாக்கி சரியா 12-ல முகடாவை (கத் தொடங்குற இடத்தை) பிடிக்கணும். ஆரம்பத்துல குரு உண்டாக்கினதை அப்படியே திருப்பி வாசிப்பீங்க, எழுதிக் குடுக்க மாட்டார், காதுல வாங்கித்தான். அப்படி நூத்துக்கணக்குல வாங்கினதுக்கு அப்புறம் ஒரு நாள் அதுல ஒரு வரி உங்களோடதா வரும்.

மைஹர்வழி:

தரப்தந்தி அண்ணா கைப்பாடத்தை அவ்வளவு தெளிவா எழுதிட்டாரு. நீங்க நிகில் பானர்ஜி பத்திச் சொன்னதால நான் மைஹர் பக்கம் எழுதுறேன், அந்த மனுஷர் மேல எனக்குத் தீராத பிரியம்.

மைஹர் மத்தியப் பிரதேசத்துல ஒரு சின்ன ஊர், சமஸ்தானமா இருந்துச்சு. அங்க ஆஸ்தான வித்வான் அலாவுதீன் கான், எல்லாரும் பாபான்னுதான் சொல்லுவாங்க. அவர் கத்துக்கிட்ட கதையே பெருசு. வங்காள கிராமத்துல இருந்து சின்னப் பையனா வீட்டை விட்டு ஓடி வந்து, கொல்கத்தாவுல நூலோ கோபால்ங்கிறவர்கிட்ட வருஷக்கணக்கா வெறும் ஸ்வரப் பயிற்சியே பாடி, பின்னாடி ராம்பூர்ல வஜீர் கான்கிட்ட போய்ச் சேந்தார். வஜீர் கான் தான்சேன் வம்சத்து பீன்காரர், அதாவது ருத்ர வீணை வாசிக்கிறவர். பீனைக் குடும்பத்துக்கு வெளிய சொல்லித் தர்ற வழக்கம் இல்லாத காலம், அதனால பீனோட ஆலாப் முறை சரோத்ங்கிற தந்தி வாத்தியம் வழியா பாபாவுக்கு வந்துச்சு. பாபா அதைத் தன்கிட்ட வந்த சிதார் மாணவங்களுக்குள்ள இறக்கினார். நீங்க கேட்டு உருகுற அந்த மெதுவான ஆலாப் அங்க இருந்து வந்தது, அதோட வேர் சிதார்ல இல்ல, பீன்லயும் துருபத்ங்கிற பழைய பாட்டு முறையிலயும் இருக்கு.

ரவி சங்கர் 1938-ல மைஹருக்கு வந்தார், வயசு 18. அதுவரைக்கும் அண்ணன் உதய் சங்கரோட நடனக் குழுவுல ஐரோப்பா எல்லாம் சுத்தி ஆடிட்டு இருந்தவர். 1935-36-ல அந்தக் குழுவோட பாபாவும் பயணம் போயிருந்தார், எல்லாத்தையும் விட்டுட்டு வந்தா சொல்லித் தர்றேன்னு சொன்னது அப்பதான். 1944 வரைக்கும் ரவி சங்கர் அங்க இருந்தார். கூடவே படிச்சவங்க பாபாவோட மகன் அலி அக்பர் கான், மகள் அன்னபூர்ணா தேவி. சிதார் மட்டும் இல்ல, துருபத், தமார், கயால்னு பாட்டும் பாடிப் பழகணும், சுர்பஹாரும் (சிதாரை விடப் பெருசா, கீழ் ஸ்தாயில பேசுற வாத்தியம்) வாசிக்கணும்.

நிகில் பானர்ஜி 1947-ல போனார். சின்னப் பையனாவே ரேடியோவுல வாசிச்சுட்டு இருந்தவர், ஒம்பது வயசுல அகில இந்தியப் போட்டியில ஜெயிச்சவர். பாபா இனி புது சிஷ்யங்க வேண்டாம்னு இருந்தாராம், இவரோட ரேடியோ வாசிப்பைக் கேட்டுட்டுதான் மனசு மாறினார். காலையில நாலு மணிக்கு ஆரம்பிச்சா ராத்திரி பதினொண்ணு வரைக்கும், நடுவுல கொஞ்சம் கொஞ்சம் இடைவெளி, அப்படித்தான் அவரோட மைஹர் நாட்களைச் சொல்றாங்க. இங்க கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. பாபா ரெண்டு பேருக்கும் ஒரே பாடத்தை ஒரே மாதிரி குடுக்கல. ஒவ்வொருத்தரோட கை எப்படி, மனசு எப்படின்னு பாத்துக் குடுத்தார். அதனாலதான் ஒரே வீட்டுல இருந்து வந்த ரவி சங்கரும் நிகில் பானர்ஜியும் கேட்டா அஞ்சு நிமிஷத்துல யார் யாருன்னு சொல்லிடலாம், ஒருத்தர் லயத்துல விளையாடுவார், கீழ் ஸ்தாயில கரஜ் தந்தியில ஆழமா இறங்குவார், இன்னொருத்தர் ஒரு வரியை விடவே மாட்டார், அது முடியுற வரைக்கும் கூடவே போவார். நிகில் அப்புறம் அலி அக்பர்கிட்டயும் கத்துக்கிட்டார், பாடகர் உஸ்தாத் அமீர் கானோட பாட்டை ரொம்ப உள்வாங்கினவர். 1986-ல 54 வயசுலயே போயிட்டார், அதை நினைச்சா இன்னும் தாங்க முடியல.

அன்னபூர்ணா தேவி பத்தி சொல்லாம இருக்க முடியாது. மூத்த மகளுக்குக் கல்யாணத்துக்கு அப்புறம் சங்கீதத்தால வந்த கஷ்டத்தைப் பாத்து, இளைய மகளுக்குச் சொல்லித் தர பாபா தயங்கினார். ஒரு நாள் அப்பா வெளிய போயிருந்த நேரத்துல அண்ணன் தப்பா வாசிச்சதை இந்தப் பொண்ணு பாடித் திருத்துறதைத் திரும்பி வந்த பாபா கேட்டுட்டார், அன்னிக்கே பாடம் ஆரம்பிச்சுது. பின்னாடி மேடையை விட்டே விலகி மும்பையில ஒரு ஃப்ளாட்டுக்குள்ளயே இருந்து 2018-ல காலமாகுற வரைக்கும் அவங்க வெளிய வாசிக்கல, ஆனா சிதார், சரோத், புல்லாங்குழல்னு எல்லாருக்கும் சொல்லிக் குடுத்தாங்க. எப்படின்னா, பாடி. புல்லாங்குழல் ஊதத் தெரிய வேண்டிய அவசியமே அவங்களுக்கு இல்ல. நிகில் பானர்ஜியும் அவங்ககிட்ட வாங்கியிருக்கார், ஹரிபிரசாத் சௌராசியாவும் அவங்க சிஷ்யர்தான்.

பழைய_ரேடியோ:

ரெண்டு பேரும் எழுதினது அருமை. ஆனா மணிக்கணக்கு விஷயத்துல நான் கொஞ்சம் மாறுபடுறேன், கோவிச்சுக்காதீங்க மைஹர்வழி.

சில்லான்னு ஒண்ணு உண்டு, 40 நாள் ஒரே இடத்துல அடைஞ்சு கிடந்து சாதகம் பண்றது. இம்தாத் கான் பண்ணின சில்லா பத்தி அந்தப் பரம்பரையில பெரிய பெரிய கதையெல்லாம் உண்டு. இதையெல்லாம் கேட்டுட்டு, வேலைக்குப் போற ஒருத்தர், நம்மால இது ஆகாதுன்னு சிதாரைத் தொடாமலே இருந்துடுறாங்க, எனக்கு அதுதான் வருத்தம். அந்தக் காலத்துல அவ்வளவு நேரம் எப்படி முடிஞ்சுது? சமஸ்தானம் சோறு போட்டுச்சு. மகாராஜா சம்பளம் குடுத்தார், வித்வான் வீட்டுல சிஷ்யன் தங்கினான், வேற பொழைப்புத் தேட வேண்டியதில்ல. சமஸ்தானங்கள் போனதும் அந்த ஏற்பாடே கலைஞ்சு போச்சு. அதுக்கப்புறம் ரேடியோ கொஞ்ச காலம் தாங்குச்சு, அப்புறம் கச்சேரி, வெளிநாட்டுப் பயணம்.

இன்னொண்ணு, எல்லாரும் குருவோட காலடியில வருஷக்கணக்கா உக்காந்துதான் வந்தாங்கன்னு இல்ல. விலாயத் கானையே எடுத்துக்கோங்க. தாத்தா இம்தாத் கான், அப்பா இனாயத் கான், ரெண்டு பேரும் சிதார் மேதைங்க. ஆனா அப்பா 1938-ல இறந்தப்ப இவருக்குப் பத்து வயசு. அதுக்கப்புறம் இவருக்கு நிறைய சொல்லிக் குடுத்தது அம்மா வழித் தாத்தா பந்தே ஹசன் கான், அவர் பாடகர். சித்தப்பா வாஹித் கான்கிட்ட சுர்பஹார், சிதார் வாங்கினார். சாதகத்தை மேற்பார்வை பாத்தது அம்மா பஷீரன் பேகம், முன்னோர்கள் எப்படிப் பயிற்சி பண்ணினாங்கன்னு அவங்களுக்கு அத்துப்படி. பையனுக்குப் பாட்டு மேல ஆசை, அம்மாதான் நீ சிதார் வம்சம், சிதார்தான் வாசிக்கணும்னு நிறுத்தினாங்கன்னு சொல்லுவாங்க. அந்தப் பாட்டு ஆசை முழுக்க சிதாருக்குள்ள போச்சு. தரப்தந்தி சொன்ன மீண்ட் எல்லாம் அப்படி வந்ததுதான். அப்பா இல்லாத குறையில இருந்து ஒரு புது வாசிப்பு முறையே பிறந்துச்சுன்னு சொன்னா மிகையில்ல.

பரம்பரைக்குள்ளயே பூட்டி வச்ச கதையையும் பேசணும். மகனுக்கு ஒரு பாடம், வெளி சிஷ்யனுக்கு ஒரு பாடம்னு இருந்த வீடுகள் உண்டு. கண்டா கட்டுறதுன்னு ஒரு சடங்கு, மணிக்கட்டுல கயிறு கட்டி வெல்லமும் கடலையும் குடுத்து சிஷ்யனா ஏத்துக்குறது, அது கட்டினதுக்கு அப்புறம்தான் உள் பாடமே திறக்கும். விஷ்ணு திகம்பர் பலுஸ்கர் 1901-ல லாகூர்ல காந்தர்வ மகாவித்யாலயா ஆரம்பிச்சதும், பாத்கண்டே முயற்சியில 1926-ல லக்னோவுல மாரிஸ் காலேஜ் வந்ததும் இந்தப் பூட்டைத் திறக்கத்தான். பாத்கண்டே ஊர் ஊராப் போய் உஸ்தாதுங்ககிட்ட இருந்த பந்திஷ்களை (பாடல்களை) எழுதி அச்சுல போட்டார், ராகங்களைப் பத்து தாட்ல (நம்ம மேளகர்த்தா மாதிரி) அடக்கினார். இன்னிக்கு விஷாரத், அலங்கார்னு பரீட்சை எல்லாம் இருக்கு. பரீட்சை பாஸ் பண்ணினவங்க எல்லாம் மேடையில வாசிக்கிறாங்களான்னா இல்ல, ஆனா சங்கீதம் தெரிஞ்சு கேக்குற ஒரு பெரிய கூட்டத்தை அது உண்டாக்குச்சு, அதை நான் பெரிய காரியமா மதிக்கிறேன். கொல்கத்தாவுல சங்கீத் ரிசர்ச் அகாடமி 1970-கள் கடைசியில வந்தது, அதுல குருவும் மாணவரும் ஒரே வளாகத்துல இருக்கிற மாதிரி பழைய முறையைப் புது ஏற்பாட்டுல கொண்டு வந்தாங்க. அது எனக்கு ரொம்பப் பிடிச்ச முயற்சி.

வேற தொழில் பாத்துக்கிட்டே உயரத்துக்குப் போனவங்களும் இருக்காங்க. அரவிந்த் பாரிக் மும்பையில பிசினஸ் பண்ணிக்கிட்டே விலாயத் கானோட மூத்த சிஷ்யரா இருந்தார், ஏகப்பட்ட பேருக்குச் சொல்லியும் குடுத்தார். புதாதித்ய முகர்ஜி பிலாயில பிறந்தவர், அப்பா பிமலேந்து முகர்ஜிகிட்டயே படிச்சவர், இன்ஜினியரிங்கும் படிச்சார். அந்த வேகத்துலயும் ஒவ்வொரு ஸ்வரமும் தனியா கேக்கும். அதனால கமகப்பித்து, நேரம் எவ்வளவுன்னு கணக்குப் பாக்காதீங்க. தினம் ஒரு மணி நேரம், ஆனா தினம். அதுல யாராவது காது குடுத்துத் திருத்தணும், அது இருந்தா போதும்.

மைஹர்வழி:

கோவமெல்லாம் இல்ல சார், சமஸ்தானம் சோறு போட்டதுங்கிறது உண்மைதான். ஆனா நீண்ட நேரம் வாசிக்கிறதுக்குன்னு ஒரு பலன் இருக்கு, அதை விட்டுடக் கூடாது. ஒரே ராகத்தை மூணு மணி நேரம் விடாம வாசிச்சா முதல் ஒரு மணி நேரத்துல தெரிஞ்சதெல்லாம் தீந்துடும். அதுக்கு அப்புறம் கையில வர்றதுதான் அந்த ராகத்தோட நிஜமான முகம். இதை வாரத்துல ஒரு லீவு நாள்லயாவது செஞ்சு பாக்கச் சொல்லுவேன்.

கமகப்பித்து:

இவ்வளவு எழுதுவீங்கன்னு நினைக்கவே இல்ல, ரெண்டு தடவை படிச்சேன். பாடித்தான் சொல்லிக் குடுத்தாங்கங்கிறது என் மனசுல நல்லா பதிஞ்சுடுச்சு, எங்க வீணை டீச்சரும் பாடிட்டு வாசின்னுதான் சொல்லுவாங்க.

இன்னும் ரெண்டு சந்தேகம். வீணைக் கை சிதாருக்கு உதவுமா, கெடுக்குமா? இன்னொண்ணு, சிதார் வாங்கணும்னு பாத்தா ரவி சங்கர் ஸ்டைல், விலாயத் கான் ஸ்டைல்னு ரெண்டு வகை சொல்றாங்க. இதுல எதை எடுக்குறது, எதுக்கு அந்த வித்தியாசம்?

ஜவாரி:

வாத்தியம் பத்தி நான் சொல்றேன், எனக்கு அதுல கொஞ்சம் பழக்கம் உண்டு.

ரவி சங்கர் வகையை கரஜ்-பஞ்சம்னு சொல்லுவாங்க. அதுல ரெண்டு கனமான கீழ் தந்தி இருக்கும், மந்திர ஸ்தாயிக்கும் கீழ போய் ஆலாப் பண்ணலாம். சுர்பஹாரோட வேலையையும் சிதார்லயே முடிக்கலாம்ங்கிற யோசனை அது. பெரும்பாலும் மேல இன்னொரு சின்ன குடமும் இருக்கும், அலங்காரமும் அதிகம். விலாயத் கான் அந்தக் கீழ் தந்திகளை எடுத்துட்டு காந்தாரம், பஞ்சமம்னு ராகத்துக்கு ஏத்த மாதிரி சுருதி சேக்குற தந்தி போட்டார். ராகத்துல காந்தாரமே இல்லன்னா அந்தத் தந்தியை வேற ஸ்வரத்துக்கு மாத்திக்குவாங்க. தம்புரா பக்கத்துல இருக்கிற மாதிரி ஒரு நிறைவு வரும், நீளமா மீண்ட் இழுக்கும்போது பின்னாடி ராகம் நிக்கும். ரெண்டுலயும் பிரதான தந்தி மத்யமத்துல இருக்கும், ரெண்டுலயும் ஓரத்துல சிகாரி (வீணையோட தாளத் தந்தி மாதிரி) உண்டு. பர்தாவுக்கு அடியில 11-ல இருந்து 13 வரைக்கும் தரப் தந்தி ஓடும், அதை யாரும் பெருசா மீட்டுறதில்ல, மேல வாசிக்கிற ஸ்வரத்துக்குத் தானா அதிரும். ஸ்வரம் சுத்தமா இருந்தாத்தான் அதிரும், கொஞ்சம் விலகினாலும் சும்மா இருக்கும், அதனால அது கூடவே இருக்குற ஒரு வாத்தியார் மாதிரி.

ஜவாரியையும் கவனிங்க. தந்தி உக்காருற அந்தப் பாலத்தோட மேல்பரப்பு லேசா வளைவா இழைச்சிருக்கும், அதுலதான் அந்த ரீங்காரம் பிறக்குது. ரவி சங்கர் பக்கம் திறந்த ஜவாரி, ரீங்காரம் அதிகம். விலாயத் கான் பக்கம் கொஞ்சம் மூடின ஜவாரி, குரல் மாதிரி உருண்டையா வரும். வாசிக்க வாசிக்கத் தந்தி அதுல கோடு போடும், சத்தம் மழுங்கும், அப்ப தெரிஞ்சவங்ககிட்ட குடுத்து மறுபடி இழைக்கணும், நீங்களா அரத்தை எடுத்துத் தேய்க்காதீங்க. மிரஜ் ஊர்ல தலைமுறை தலைமுறையா சுரைக்குடம் வச்சு சிதார், தம்புரா செய்யுறாங்க, கொல்கத்தா வேலைப்பாடு தனிப் பேர் பெத்தது.

எதை வாங்குறதுன்னா, முதல்ல குருவைப் பிடிங்க, அவர் எந்த வகை வாசிக்கிறாரோ அதையே வாங்குங்க. கரானா ஆரம்பிக்கிறவனுக்கு முக்கியமான்னு கேட்டீங்களே, இந்த அளவுக்குத்தான் முக்கியம். மத்தபடி முதல் ரெண்டு மூணு வருஷப் பாடம் எல்லா வீட்டுலயும் கிட்டத்தட்ட ஒண்ணுதான்.

தரப்தந்தி:

வீணைக் கை பத்தி. உதவும், நிறையவே உதவும், கமகம் இழுத்துப் பழகின விரலுக்கு மீண்ட் எங்க போய் நிக்கணும்னு சீக்கிரம் பிடிபடும். காதுல சுருதி ஏற்கனவே இருக்கு. ஆனா ரெண்டு இடத்துல கவனமா இருக்கணும். வீணையில தாளத் தந்தியைச் சுண்டுவிரல்ல மேல தூக்கி மீட்டுவீங்க, இங்க சிகாரியையும் அதே மிஸ்ராப்தான் அடிக்கணும், ஜாலா (வேகமா வர்ற பகுதி) முழுக்க அதுல நிக்குது. அதனால வலது கையைப் புதுசா ஆரம்பிங்க, தெரிஞ்ச மாதிரியே நினைக்காதீங்க. சௌராசியா அன்னபூர்ணா தேவிகிட்ட வந்தப்ப ஏற்கனவே பேர் வாங்கினவர், பழையதை விட்டுட்டு வர்றேன்னு காட்ட புல்லாங்குழலைப் பிடிக்கிற பக்கத்தையே மாத்திக்கிட்டார். உங்களுக்கு அந்த அளவுக்கு வேண்டாம், இருந்தாலும் அந்த மனசு வேணும்.

ரெண்டாவது, அசைவு. நம்ம கல்யாணியில க-வும் நி-யும் ஆடும். யமன்ல அந்த க அசையாம நிக்கணும், மேல இருந்தோ கீழ இருந்தோ மெதுவா வந்து சேந்து நிக்கணும். ஸ்வரம் ஏழும் ஒண்ணுதான், ஆனா வீணை வாசிச்சவங்களுக்கு கை தானா ஆட்டிடும். மோகனம்-பூபாளி, ஹிந்தோளம்-மால்கௌன்ஸ் எல்லாத்துலயும் இதே வேலை இருக்கு. அசைக்காம ஒரு ஸ்வரத்தைப் பிடிச்சு நிக்கிறதை மட்டும் தினம் காலையில தம்புரா ஆப் போட்டு முதல்ல பாடி, அப்புறம் வாசிச்சுப் பாருங்க. இந்தப் பக்கத்து ராகம் அந்தப் பக்கம் போனதையும் கேளுங்க, கீரவாணி, சாருகேசி எல்லாம் ரவி சங்கர் கையில எப்படி மாறி நிக்குதுன்னு கேட்டா நான் சொல்ற வித்தியாசம் ரெண்டு நிமிஷத்துல புரிஞ்சுடும்.

குரு தேடும்போது ஒண்ணு கேட்டுக்கோங்க. முதல் வகுப்புல அவர் பாடச் சொல்றாரா, நீங்க இழுத்த ஸ்வரம் எட்டலன்னா நிறுத்தித் திருத்துறாரா, இல்ல பாட்டு பாட்டா சொல்லிக் குடுத்து அனுப்புறாரா. வீடியோ வகுப்புலயும் கத்துக்கலாம், நிறைய பேர் கத்துக்கிறாங்க, ஆனா மீண்ட்ல இருக்குற சின்னச் சின்ன வித்தியாசம் போன் மைக்ல சரியா போய்ச் சேராது, வருஷத்துல கொஞ்ச நாளாவது நேர்ல உக்காருங்க.

கமகப்பித்து:

ரொம்ப நன்றி எல்லாருக்கும். இந்த க அசையாம நிக்கிறதை இப்பவே பழைய வீணையில முயற்சி பண்ணிப் பாத்தேன், நீங்க சொன்ன மாதிரியே கை ஆடுது. ஒரே ஒரு கடைசிக் கேள்வி, தரப் தந்தி எல்லாத்தையும் ஒவ்வொரு ராகத்துக்கும் மாத்தி சுருதி சேக்கணுமா? பர்தாவும் நகருமாமே?

ஜவாரி:

ஆமா, ராகத்தோட ஸ்வரத்துக்குத்தான் தரப் இருக்கணும், யமன்ல இருந்து மால்கௌன்ஸ் போனா நிறைய தந்தி மாறும். பர்தா மெழுகுல பதிச்சதில்ல, நூல்ல கட்டியிருக்கும், கோமள ரி, கோமள த வர்ற ராகத்துக்கு அதையும் கொஞ்சம் நகர்த்துவோம். அதனால ஆரம்பத்துல ஒரே ராகத்துல மாசக்கணக்கா இருப்பாங்க, யமன்ல சேத்தா அப்படியே விட்டு வைங்க. சுருதி ஒன்றரைக் கட்டை வச்சு ஆரம்பிங்க, அதுக்கேத்த கனத்துல தந்தி செட் கிடைக்கும். சேக்கும்போது முதல்ல ஜோட் தந்தியில (பிரதான தந்திக்கு அடுத்தது) ஸ, அப்புறம் பிரதான தந்தியில ம, அப்புறம் சிகாரி, கடைசியில தரப். தரப்பை ஒவ்வொண்ணா மீட்டிச் சேத்துட்டு, அதே ஸ்வரத்தை மேல வாசிச்சு அது தானா அதிருதான்னு பாருங்க. அதிரலன்னா அந்தத் தரப்போட சின்ன முறுக்காணியைத் துளி திருப்புங்க.